அசைய வேண்டியது சேர், உன் கழுத்து இல்ல

பாப்பா,

கழுத்துல இருந்து தோள்பட்டை வரைக்கும் இழுக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு, அப்பாகிட்ட சொல்லிராதன்னு வேற சொன்னியாமே, அவ எந்தக் காலத்துல சொல்லாம இருந்திருக்கா. போன் பண்ணா "பேஷண்ட் வெயிட்டிங்ப்பா"ன்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா தான் போகும், மொபைலை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் படி.

நான் டாக்டர் இல்ல, டென்டல் சேர் ரிப்பேர் பாக்குறவன். ஆனா உன்னை மாதிரி ஒரு பல் டாக்டர் எப்படி உக்காந்து வேலை பாக்குறாங்கன்னு அவங்க இல்லாதப்போ ரூமைப் பாத்தே சொல்லிருவேன். ஸ்டூல்ல முன் ஓரத்து ஸ்பான்ஜ் மட்டும் அமுங்கிக் கிடக்கும், முதுகு சாய வேண்டிய இடம் கடையில இருந்து வந்த மாதிரியே புதுசா இருக்கும். அப்படின்னா நுனியில உக்காந்து குனிஞ்சே வேலை ஓடுதுன்னு அர்த்தம். ஹெட்ரெஸ்ட் லிவரைப் பிடிச்சா இறுகிப் போயிருக்கும், இன்ஸ்டால் பண்ணுன அன்னிக்கு நான் தொட்டது தான், அப்புறம் ஒருத்தரும் தொடல. பேஷண்ட் தலையை எப்படி வச்சாரோ அப்படியே விட்டுட்டு இவங்க தான் கழுத்தைத் திருப்பி எட்டி எட்டிப் பாக்குறது. அத்தனை மோட்டார் வச்ச சேர், அதுல அசையுறது டாக்டர் மட்டும் தான்.

நீயும் அதே கேஸ் தான்டா. நீ போற கிளினிக்ல உன்னை வச்சு ஒரு ரூட் கெனால் வீடியோ போட்டிருந்தாங்கல்ல, எல்லாரும் ஹார்ட் போட்டாங்க, நான் உன் கழுத்தை தான் பாத்துட்டு இருந்தேன். மேல் கடைவாய்ப் பல்லு, ஆனா பேஷண்டோட நாடி நெஞ்சுல ஒட்டிக் கிடக்கு, நீ ஒன்பது மணி பக்கத்துல, அதாவது பேஷண்டோட வலது காதுப் பக்கம் இருந்து சாஞ்சு, வலது தோள் காதைத் தொடுற அளவுக்குத் தூக்கி... எனக்கு அதுக்கு மேல பாக்க முடியல.

தலை கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும். கென்னத் ஹன்ஸ்ராஜ்னு நியூயார்க் ஸ்பைன் சர்ஜன் ஒருத்தர் 2014-ல கணக்கு போட்டுக் காட்டுனார், 45 டிகிரி குனிஞ்சா கழுத்துக்கு ஏறத்தாழ 22 கிலோ, 60 டிகிரின்னா 27 கிலோ தூக்குற மாதிரியாம். அவர் மொபைல் பாக்குறவங்களை வச்சு சொன்னது, நீங்க அதையே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு முக்கால் மணி நேரம் அசையாம பண்றீங்க. சுமை மட்டும் இல்ல, அந்த அசையாம இருக்குறது தான் பெரிய வில்லங்கம். தசை இறுகியே இருந்தா அதுக்குள்ள ரத்தம் ஒழுங்கா ஓடாதுன்னு நீ தானே படிக்கிறப்போ எனக்கு சொல்லிக் குடுத்த.

நான் வேலைக்கு சேர்ந்த காலத்துல கால்ல மிதிச்சு ஏத்துற பம்ப் சேர் இன்னும் கொஞ்சம் ஓடிட்டு இருந்துச்சு, பழைய டாக்டர்ங்க நின்னுக்கிட்டே தான் பாப்பாங்க. அமெரிக்காவுல 1957-ல ஏரோட்டர்ங்கிற அதிவேகப் பல் ட்ரில், 1958-ல முழுசா படுக்கிற சேர்னு வந்தப்புறம் தான் உக்காந்து பாக்குற பழக்கமே பரவுச்சு. கால் வலி குறைஞ்சு கழுத்து வலி வந்துருச்சும்பாங்க சீனியருங்க. பேஷண்டைப் படுக்க வைக்கிற சேர் வந்தும் படுக்க வைக்க மாட்டேங்கிறோம், அதான் கதை.

நீ பண்ண வேண்டியது, முதல்ல உன் ஸ்டூலை செட் பண்ணு, அப்புறம் தான் பேஷண்ட். எல்லாரும் தலைகீழா பண்றாங்க. பாதம் ரெண்டும் தரையில முழுசா படணும், இடுப்பு முழங்காலை விட கொஞ்சம் மேல இருக்கணும், முதுகு ஸ்டூல்ல ஒட்டணும். அதுக்கப்புறம் பேஷண்ட் வாய் உன் முழங்கை உயரத்துக்கு வர்ற மாதிரி சேரை ஏத்து, தோள் தூக்காம கை போகணும். கீழ்ப்பல்லுன்னா நாடி கொஞ்சம் இறங்கட்டும். மேல்பல்லுன்னா ஃபிளாட்டா படுக்க வச்சு, ஹெட்ரெஸ்ட்டை இறக்கி நாடியைத் தூக்க விட்டுட்டு, நீ பன்னிரண்டு மணிக்கு, அதாவது பேஷண்ட் தலைக்கு நேர் பின்னாடி போயி மிரர்ல பாரு. மிரர்ல பாத்து வேலை பண்றது எரிச்சலா இருக்கும்னு தெரியும், காலேஜ்ல இத்தனை கேஸ் முடிக்கணும்ங்கிற கோட்டா அவசரத்துல, எச்சில் உறிஞ்சுற சக்ஷன் பிடிக்க ஆள் இல்லாம, நேரா எட்டிப் பாத்தே பழகுனது, அது அவ்ளோ சீக்கிரம் மாறாது. ஆனா மாறும்.

"கொஞ்சம் தலையை இந்தப் பக்கம் திருப்புங்க"ன்னு கேக்க உனக்கு கூச்சம், வயசானவங்கன்னா இன்னும் ஜாஸ்தி. அவங்களுக்கு அது ரெண்டு செகண்ட் வேலை. கழுத்து மடங்காத தாத்தா, மாசமான பொண்ணு, மூச்சு வாங்குறவங்க, இவங்களை எல்லாம் அப்படிப் படுக்க வைக்க முடியாது தான், அங்க சின்ன சின்ன சிட்டிங்கா பிரிச்சுக்கோ, நடுவுல எழுந்து நின்னு பாரு. மத்தவங்களுக்கு என்ன?

பன்னிரண்டு மணிக்குப் போக இடமே இல்லப்பான்னு சொல்லுவ. அது உண்மை, சின்ன ரூம்ல சேரைத் தலைமாட்டுச் சுவரோட ஒட்டிப் போட்டு அதுக்குப் பின்னாடி ஒரு கப்போர்டும் வச்சிருவாங்க. ரெண்டரை அடி விடுங்கன்னு நான் தொண்டை கிழிய சொல்லுவேன், இன்டீரியர் பண்றவர் பேச்சு தான் எடுபடும். நீ வெளியில இருந்து போற கன்சல்டன்ட், சுவரை இடிக்க சொல்ல முடியாது, ஆனா கப்போர்டை நகத்தச் சொல்லலாம், ட்ரில்லை ஓட்ட மிதிக்கிற ஃபுட் கண்ட்ரோலை உன் காலுக்குப் பக்கத்துல இழுத்து வைக்கலாம். அது மூலையில கிடந்தா ஒரு கால் நீட்டி ஒத்தை இடுப்புல தான் உக்காருவ, பாக்குறவங்களுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும்.

லூப்ஸ், அதான் கண்ணாடி மாதிரி மாட்டுற பூதக்கண்ணாடி, வாங்கப் போறேன்னு சொன்னியாம். கான்ஃபரன்ஸ் ஸ்டால்ல நின்னுக்கிட்டு மாட்டிப் பாத்து வாங்காத. வேலை பண்ற மாதிரி ஸ்டூல்ல நிமிந்து உக்காரு, அங்கிருந்து பேஷண்ட் வாய்க்கு எவ்வளவு தூரம்னு அளக்கச் சொல்லு. லென்ஸ் கீழ்நோக்கி சாயுற கோணம் பத்தலைன்னா 2.5 மடங்கு பெருசா தெரியும், ஆனா கழுத்து பழையபடி தான் தொங்கும். பிரிசம் வச்சு நேரா பாத்துக்கிட்டே கீழ தெரியுற மாடலும் வந்திருக்கு, விலை ஜாஸ்தி, கொஞ்சம் கனம், பழக நாளாகும்னு யூஸ் பண்றவங்க சொல்றாங்க. நான் ரெண்டுல ஒண்ணை வாங்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா அளவு தப்பா எடுத்தா எதுவும் வேஸ்ட்.

அப்புறம் கை. ட்ரில்லுக்குப் போற குழாய் சுருள் ஹோஸா இருந்தா அது உன் மணிக்கட்டைப் பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், நேர் ஹோஸ் மாத்தச் சொல்லு, பெரிய செலவு இல்ல. பேரிங் போன ஏரோட்டர், தேஞ்ச பர்ங்கிற ட்ரில் முனை, பல் காரை சுரண்டுற மொக்கை ஸ்கேலர் இதெல்லாம் வச்சு வேலை பாத்தா தெரியாமலே அழுத்திப் பிடிப்ப. பிடி 10 மில்லிமீட்டர் தடிமன், 15 கிராமுக்குள்ள எடை இருந்தா கைக்கு சுமை கம்மின்னு ஸ்கேலிங் இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு ஆராய்ச்சியே இருக்கு, பென்சில் மாதிரி ஒல்லியா பளபளன்னு இருக்குறதை அழகுக்காக வாங்காத.

மரத்துப்போற ஊசி போட்டுட்டு காத்திருப்பல்ல, அப்போ மொபைலை எடுக்காத. எழுந்து நின்னு இடுப்புல கை வச்சு பின்னாடி சாய், நாடியை உள்ள இழுத்து கழுத்தை நிமித்து, தோள்பட்டை ரெண்டையும் பின்னால சேத்துப் பிடி, ஜன்னல் வழியா தூரமா எதையாவது பாரு. எக்ஸ்ரேக்கு நிக்கிறப்போ இன்னொரு தடவை. இதுக்குன்னு தனியா டைம் ஒதுக்கவே வேணாம்.

ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகுதா? சுண்டுவிரல் பக்கமா? அதை மட்டும் எனக்கு உண்மையா சொல்லு. அப்படி இருந்தா மருந்துக் கம்பெனி ரெப் குடுத்துட்டுப் போற சாம்பிள் மாத்திரையை நீயா போட்டு ஓட்டாம எலும்பு டாக்டரைப் பாரு, பிசியோதெரபிக்குப் போ. எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் டாக்டர் மாத்திரையிலயே வருஷக்கணக்கா ஓட்டி, கடைசியில ஈவ்னிங் பிராக்டிஸையே விட்டுட்டார், அருமையான கை அவருக்கு.

உன் உயரத்துக்கு அங்க இருக்குற ஸ்டூல் எல்லாமே ஜாஸ்தி உயரம், எவ்வளவு இறக்குனாலும் குதிகால் தூக்கிட்டு தான் நிக்கும், அதனால தான் நீ நுனிக்கு வர்ற. ஸ்டூலை ஏத்தி இறக்குற சிலிண்டர் குட்டை சைஸ்ல கிடைக்குது, மாத்துறது பத்து நிமிஷ வேலை. ரெண்டு பீஸ் எடுத்து வச்சிருக்கேன். நீ அதிகமா போற கிளினிக்குல ஸ்டூலைக் கவுத்துப் போட்டு அடியில ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சிலிண்டர் சொருகுற இடம் தெளிவா தெரியணும். அந்த டாக்டர்கிட்ட எங்கப்பா ஃப்ரீயா மாட்டித் தருவாருன்னு சொல்லி கேட்டு வை, அடுத்த வாரம் சென்னையில ஒரு இன்ஸ்டாலேஷன் இருக்கு, டூல்ஸ் எப்படியும் கையில இருக்கும்.

அப்பா