இம்பர் ஊருக்கு எழுத்தில் ஒரு வரி: பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே உங்கள் பயிற்சிக் களத்துக்குள் கிடக்கிற இம்பர் ஊருக்காக எழுதுகிறேன்.

1943 நவம்பர் 1 அன்று ஊராரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகள் பயிற்சி எடுக்க இடம் வேண்டும், 47 நாளில் காலி செய்யுங்கள் என்றார்கள். ஏறக்குறைய 150 பேர். சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதியை ராணுவம் 1920களின் கடைசியிலிருந்தே வாங்கிப் போட்டிருந்தது. பெரும்பாலோர் வாடகைக் குடிகள்தான். இருந்தும் அவர்கள் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. போருக்கு நம்மால் ஆனது இது என்று நினைத்தார்கள். சமையலறையில் டின் உணவுகளை விட்டுவிட்டுப் போனவர்கள்கூட உண்டு.

ஆல்பர்ட் நாஷ் என்று ஒரு கொல்லர். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்கு லாடமும் கலப்பைக் கொழுவும் அடித்துக் கொடுத்தவர். செய்தி வந்த பிறகு, தன் பட்டறைக்கல் மேலேயே கவிழ்ந்து அவர் தேம்பி அழுததைப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் முதலில் இறந்தவர் அவர்தான். அடக்கம் செய்ய இம்பருக்கே கொண்டு வந்தார்கள். உயிரோடு திரும்ப விடாத ஊர், சவமாக வந்தபோது இடம் கொடுத்தது. இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று தங்களிடம் சொன்னதாக ஊரார் கடைசிவரை சொன்னார்கள். அதற்குக் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. 1961இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் இம்பருக்குள் திரண்டு வந்து ஊரைத் திருப்பிக் கேட்டார்கள். விசாரணையும் நடந்தது, களம் ராணுவத்திடமே இருக்கட்டும் என்று முடிந்தது. 1970களில் வட அயர்லாந்துப் பணிக்கான பயிற்சிக்கென்று அங்கே வெற்றுக்கூடு வீடுகளைக் கட்டினீர்கள். யாரும் குடியேறாத வீடுகள்.

புனித ஜைல்ஸ் தேவாலயம் தப்பித்தது. மணியடிப்பவர்கள் எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் தீட்டிவைத்த அட்டவணை அதன் கோபுரச் சுவரில் இன்னும் இருக்கிறது. வருஷத்தில் சில நாள்கள் பாதையைத் திறந்துவிடுகிறீர்கள். ஆகஸ்டில் ஒருநாள் வார்மின்ஸ்டரிலிருந்து பழைய லண்டன் பேருந்துகள்கூட ஓடுகின்றன. அதற்கு நன்றி.

சரி, நான் கேட்பது என்ன? ஊரைத் திருப்பிக் கொடுங்கள் என்று இல்லை. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் மண்ணில் யாரும் குடியேற முடியாது. இந்த மக்கள் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில்தான் வெளியேறினார்கள் என்று அமைச்சகத்தின் பெயரில் எழுதி, அந்தத் தேவாலயத்தில் வையுங்கள். அங்கே குடியிருந்த குடும்பங்களின் பெயர்களையும் அதன் கீழே எழுதுங்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்லறைக்கு வர விரும்பினால், பொதுத் திறப்பு நாளுக்காகக் காக்க வைக்காமல், துப்பாக்கிப் பயிற்சி இல்லாத ஒரு நாளில் அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஊர் வரலாறுகளைத் தேடிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்