ட்ரம்ஸ் பாடத்திட்டக் குழுவினருக்கு: ஏர்ல் பால்மரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ட்ரம்ஸ் கிரேடு தேர்வுகளுக்குப் பாடம் வகுக்கும் பெரியோருக்கு வணக்கம்.

ஜாஸ் ஒரு பக்கம், ராக் ஒரு பக்கம் என்று பிரித்தே சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசிப்பு மாணவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. அதற்கு அமெரிக்க ட்ரம்மர் ஏர்ல் பால்மரைவிட நல்ல பாடம் ஏது?

1924இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். சிறுவயதில் டாப் டான்ஸ் ஆடி மேடையேறியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியதும், படைவீரர்களுக்கான அரசு உதவியில் இசைப்பள்ளி சேர்ந்து நோட்டு, அதாவது எழுதிய இசைக்குறிப்பு, வாசிக்கக் கற்றார். மனம் ஜாஸில், சோறு போட்டது ஸ்டுடியோ. நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் மைக்குகள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே அறையில் வாசித்தார்கள். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய ட்ரம்) பாட்டை அமுக்கிவிட்டால் பிறகு குறைக்க வழியில்லை, அந்தப் பதிவே போச்சு. ஒலி அளவை ட்ரம்மரின் மணிக்கட்டுதான் பார்த்துக்கொண்டது.

அங்கே 1955இல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் வந்தார். அவர் பியானோவைச் சமமான அடிகளாகக் குத்தினார். பால்மர் கையில் இருந்ததோ ஷஃபிள், அதாவது 'தகிட'வில் 'கி'யை விழுங்கிய நடை. இரண்டும் இடறும். ரிச்சர்டின் வலது கையோடு ஒத்துப்போகத்தான் பால்மர் தன் கையை மாற்றினார். ராக் தாளம் பிறந்த இடங்களில் இது முக்கியமானது.

மெட்ரோனோம் 120இல், அதாவது நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடி 500 மில்லிசெகண்ட். ஓர் அடிக்கு இரண்டு தட்டு என்றால், சமநடையில் இரண்டாம் தட்டு 250இல் விழும், ஷஃபிளில் ஏறக்குறைய 333இல். அக்காலப் பதிவுகள் பலவற்றில் அது நடுவே எங்கோ விழுகிறது. அந்தத் துள்ளல்தான் உயிர். மாணவர்கள் தவறுவது காலில். வலது கை சமநடைக்கு வந்தபின்னும் காலால் மிதிக்கும் பேஸ் டிரம் ஷஃபிளிலேயே நிற்கும். 83 மில்லிசெகண்ட் வித்தியாசம், காதுக்கு இரண்டு தனித் தட்டாகவே கேட்கும்.

எனவே ஐந்தாம் கிரேடில் 12 பார் ப்ளூஸ் (12 தாளச் சுற்றுகளில் முடியும் ப்ளூஸ் வடிவம்) ஒன்று வையுங்கள். அதை நிறுத்தாமல் மூன்று முறை: முதலில் ஷஃபிள், அடுத்து இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநடை, கடைசியில் சமநடை. ஸ்னேர் 2, 4ஆம் அடிகளிலிருந்து அசையக்கூடாது. காலுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

கூடவே, பார்த்தவுடன் வாசிக்கும் நோட்டுத்தாள் ஒன்று. 1957இல் லாஸ் ஏஞ்சலஸ் போன பால்மருக்குச் சினிமா, டிவி இசை வேலைகள் அமைந்ததில் அந்த நோட்டு வாசிப்புக்கும் பெரிய பங்குண்டு.

இப்படிக்கு,
ட்ரம்ஸ் ஆசிரியர்கள் சிலர்