குடியை வரைந்தவர்

ஐயா,

காமிக்ஸ் என்றாலே சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்ற தொனி உங்கள் ஞாயிறு கட்டுரையில் தெரிந்தது. ஜப்பானிய ஓவியர் ஹிதேயோ அஸுமாவின் ‘டிஸ்அப்பியரன்ஸ் டயரி’யை (2005) கட்டுரையாளர் பார்க்கட்டும். 1989-இல் வீட்டைவிட்டு ஓடி, குப்பையில் கிடைத்ததைத் தின்று பிழைத்ததையும், 1998-இல் குடிநோய் வார்டில் அடைபட்டதையும் அவரே வரைந்திருக்கிறார். அதுவும் உருண்டை முகத்துப் பொம்மைகளாக! சிரித்துக்கொண்டேதான் படித்தேன், நடுநடுவே வயிற்றைப் பிசைந்தது.

என் அண்ணனை இதே சிகிச்சைக்குச் சேர்த்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் “மஞ்சள்காமாலை” என்றார் அம்மா. வார்டில் சக நோயாளிகளோடு அவன் அடித்த அரட்டையைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேச்சே இல்லை. அஸுமாவோ அந்த அரட்டையைப் பக்கம்பக்கமாக வரைகிறார். இதைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால், மறுவாழ்வு மையங்களில் காத்திருக்கும் குடும்பத்தார் கையில் முதலில் கொடுக்கலாம்.

– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருச்சி