அப்பாவைத் திட்டாதே, ராசா

அன்புள்ள தம்பிக்கு,

செல்லூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். நலம்தானே? போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே "யாருகிட்ட குசுகுசுன்னு பேசுற?" என்று அப்பா வந்து நிற்கிறார். அதனால் அவர் மதியம் தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேறு ஆளோடு பழக்கம் என்று அவர் சொன்னதைக் கேட்டு நீ அவரைத் திட்டினாய். எனக்காகத்தான் பேசினாய், தெரியும். அன்று ராத்திரி முழுக்க அவர் படுக்கவே இல்லை. "அவனையும் உன் பக்கம் சேத்துக்கிட்டியா?" என்றார்.

தை மாசம் தொடங்கியது இந்தச் சந்தேகம். அப்பா காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், எதையும் எண்ணுவார். ஒரு நாள் தொட்டியில் கிடந்த டம்ளரை எண்ணினார். இரண்டு. "ரெண்டாவது யாரு குடிச்சது?" என்றார். அவர் குடித்து வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி, காலடித் தடம் பதிகிறதா என்று பார்க்கக் கொல்லை வாசலில் கோலமாவைத் தூவி வைத்தார். விடிந்து பார்த்தால் தடமே இல்லை. நான் முன்னாலேயே எழுந்து பெருக்கிவிட்டு மறுபடி தூவியதாகச் சொன்னார். இதற்கு எந்தச் சாட்சி சொல்லி ஆகப்போகிறது?

அவர் சந்தேகப்பட்டது தேய்ப்புக்காரப் பையனை. அவனுக்கு உன் வயசுகூட இல்லை. எனக்கு 67. நாற்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் கேட்டதும் கூனிக் குறுகிப்போனேன். அதனால்தான் உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

முதலில் காட்டிய டாக்டர் சந்தேகம் அடங்க ஹாலோபெரிடால் என்ற மருந்து கொடுத்தார். இரண்டே நாளில் அப்பா கட்டை மாதிரி விறைத்துப்போனார். அப்பாவைப் போல பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது என்று பிறகு பார்த்த மனநல டாக்டர் சொன்னார். அவர் முதலில் கேட்டதே பழைய மாத்திரைச் சீட்டைத்தான். நடுக்கத்துக்குச் சாப்பிடும் பிரமிபெக்சோலை மார்கழியில் கூட்டியிருந்தார்கள். உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருள் மூளையில் செய்யும் வேலையைச் செய்கிற மாத்திரை அது. சிலருக்கு அதனாலேயே இல்லாத ஆள் தெரிவதும், சந்தேகம் இப்படி ஊன்றிப்போவதும் உண்டாம். நோய் முற்றினாலும் வரும், மறதி நோயிலும் வரும் என்றார். இப்போது நரம்பு டாக்டரோடு பேசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. ராத்திரிக்குச் சந்தேகத்தை அடக்கக் குயட்டியாபின் மாத்திரை, குறைந்த அளவில்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டவர் இப்போது ஒன்றிரண்டு தடவைதான் கேட்கிறார். ஆனால் நடுக்க மாத்திரையைக் குறைத்ததில் கை நடுக்கம் கூடிவிட்டது. காபியை அரை டம்ளராகத்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், அப்படியும் சட்டையில் சிந்துகிறது. நடுங்கும் கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இது பரவாயில்லை. அவருக்கும் பரவாயில்லையா என்று கேட்க மனசு வரவில்லை.

அடுத்த தடவை அவர் ஆரம்பித்தால் மறுத்துப் பேசாதே. ஆமாம் என்றும் சொல்லாதே. "மனசுக்குக் கஷ்டமா இருக்காப்பா?" என்று கேள், அது போதும். அப்புறம் பஸ் கதைக்குத் திருப்பிவிடு. பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் ஸ்டாப்பிங் ஒன்று விடாமல் சொல்வார்.

அரிவாளையும் அருவாமனையையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். காயை அங்கேயே நறுக்கிக்கொண்டு வருகிறேன். இந்தச் சந்தேகம் அடிதடி வரைக்கும் போவது உண்டு என்று டாக்டர் எச்சரித்தார். அப்பா இதுவரை கை ஓங்கியதில்லை, பயப்படாதே. ஒரு ராத்திரி தாங்க முடியாமல் 14416-க்குப் பேசினேன். அரசாங்கத்தின் டெலி மானஸ், மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசினார்கள். நீயும் குறித்து வைத்துக்கொள்.

பணம் அனுப்ப வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வந்து நாலு நாள் அவர் பக்கத்தில் இரு. தேய்ப்புக்காரப் பையனிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "எங்க தாத்தாவும் இப்படித்தான் இருந்தாருங்கம்மா" என்றான்.

கட்டில் சத்தம் கேட்கிறது, அப்பா எழுந்துவிட்டார். காபி போட வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா