பி.டி. விதை போட்டும் காய்க்குள் புழு ஏன்? பருத்தி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பருத்தி விவசாயிகளுக்கு, வணக்கம்.

"பி.டி. விதைதானே போட்டோம், காய்க்குள் எப்படிப் புழு வந்தது? விதை போலியா?" என்று பருவத்துக்குப் பருவம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பி.டி. விதை என்பது, காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாப் புரதத்தைச் செடியே உருவாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி விதை. விதை விற்பவர்கள் என்ற முறையில் இதற்கு முழுப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

முதலில் காயில் இருப்பது எந்தப் புழு என்று பாருங்கள். பச்சைக் காய்ப்புழு பெரிய துளை போடும், பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும், எச்சத்தை வெளியே தள்ளும். பி.டி. செடியைத் தின்றால் அது இன்றும் பெரும்பாலும் செத்துவிடுகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படி இல்லை. காய் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே விதை போயிருக்கும். பச்சைப்புழு இல்லாமல் இளஞ்சிவப்புப் புழு மட்டும் இருக்கிறது என்றால், பெரும்பாலும் விதையில் குறை இல்லை, புழுதான் மாறிவிட்டது. சந்தேகம் தீரவில்லையா? இளம் இலைத் துண்டை நசுக்கி பி.டி. சோதனைப் பட்டையில் வைத்துப் பாருங்கள், சில நிமிடங்களில் கோடு சொல்லிவிடும்.

புழு எப்படி மாறியது? பி.டி. புரதம் புழுவின் குடலில் கரைந்து, குடல் சுவரில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தில் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ஒட்டி, அங்கே துளை போடுகிறது. அந்தப் பூட்டின் வடிவம் பிறவியிலேயே மாறியிருக்கும் ஒன்றிரண்டு புழுக்களில் சாவி பொருந்தாது. மற்றவை சாகும், இவை பிழைத்துப் பெருகும். இந்தியாவில் 2002-ல் ஒரு புரதம் உள்ள பருத்தியும், 2006-ல் இரண்டு புரதம் உள்ள பருத்தியும் வந்தன. முதல் புரதத்தைத் தாங்கும் இளஞ்சிவப்புப் புழுவை 2009-10 பருவத்தில் குஜராத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு புரதமும் உள்ள பருத்தியிலும் புழு பிழைக்கத் தொடங்கியது.

இளஞ்சிவப்புப் புழு மட்டும் ஏன் மாறியது? பச்சைப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எல்லாவற்றையும் தின்னும். அதனால் பி.டி.யைச் சந்திக்காத பச்சைப்புழுக்கள் எப்போதும் வெளியில் நிறைய உண்டு. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் வேறு சாப்பாடு இல்லை என்றே சொல்லலாம். இதோடு நம் ஒட்டுவிதையில் (இரண்டு ரகங்களை இணைத்து உருவாக்கிய வீரிய ஒட்டு விதையில்) இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒட்டுச்செடியின் எல்லா இலையிலும் இரண்டு புரதமும் இருக்கும், ஆனால் காய்க்குள் உருவாகும் விதைகளில் அப்படி இருக்காது. 32 விதை உள்ள ஒரு காயை எடுத்துக்கொண்டால், சராசரியாக 18 விதையில் இரண்டு புரதமும், 12-ல் ஏதோ ஒன்று மட்டும், 2-ல் எதுவுமே இல்லாமல் இருக்கும். விதையைத் தின்னும் புழு இப்படிக் கொஞ்சம் விஷம், கொஞ்சம் விஷமில்லாத தீனி என்று பழகிக்கொள்கிறது. செடி முதிர முதிர புரத அளவும் குறைகிறது.

இதற்குத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி 5 வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை நட வேண்டும். அதில் வளரும் சாதாரண அந்துப்பூச்சியும் (புழு வளர்ந்து மாறும் பூச்சி) பி.டி.யில் தப்பிப் பிழைத்த பூச்சியும் இணைந்தால், பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி.க்குச் சாகும், ஏனென்றால் தாய், தந்தை இரண்டு பக்கமும் தாங்கும் குணம் வந்தால்தான் புழு பிழைக்கும். அந்தச் சின்னப் பொட்டலம் எத்தனையோ வயல்களில் வரப்போரம் எறியப்பட்டது. பிறகு 475 கிராம் பொட்டலத்துக்குள்ளேயே 5 முதல் 10 சதவீதம் சாதாரண விதையைக் கலந்து கொடுக்கும் முறை வந்தது. அந்தச் செடிகளைக் "கலப்பு" என்று நினைத்துப் பிடுங்காதீர்கள். இளஞ்சிவப்புப் புழுவுக்கு இது காலம் கடந்த ஏற்பாடுதான். ஆனால் பச்சைப்புழுவிடம் பி.டி. இன்னும் நிற்கிறது, அதைக் காப்பாற்ற இது வேண்டும். அமெரிக்காவில் சாதாரணப் பருத்திக்கு இடம் விட்டார்கள், பிறகு அரிசோனா மாநிலத்தில் 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விட்டார்கள், 2018-ல் இதே புழுவைப் பருத்திப் பகுதிகளிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இப்போது வயலுக்கு வருவோம். விதைத்த 45-ஆம் நாள், சப்பை (பூமொட்டு) வைக்கும்போதே ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் பொறி) வையுங்கள். செடி உச்சிக்கு ஓர் அடி மேலே தொங்கட்டும், செடி வளர வளர உயர்த்துங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, பச்சைப்புழு லூரை (பொறிக்குள் மாட்டும் வாசனைக் குப்பியை) வாங்கிப் போய் மாட்டுவது. அதற்கு இந்தப் பூச்சி வராது. "பூச்சியே விழவில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள், காய்க்குள் புழு ஓடிக்கொண்டிருக்கும். இளஞ்சிவப்புப் புழு லூர் என்று கேட்டு வாங்குங்கள், மாட்டிய தேதியைப் பொறியிலேயே எழுதுங்கள், உறையில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி மாற்றுங்கள். ஒரு பொறிக்கு ஓர் இரவில் 8 பூச்சி வீதம் தொடர்ந்து 3 இரவு விழுந்தால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது.

பூவையும் பாருங்கள். விரியாமல் இதழ்கள் முறுக்கிச் சேர்ந்து ரோஜா மொட்டுபோல் நிற்கும் பூவுக்குள் புழு இருக்கும். பறித்து அழியுங்கள். காய் பிடித்தபின் வாரம் ஒருமுறை ஏக்கருக்கு 20 செடியிலிருந்து, செடிக்கு ஒன்றாக, கையால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும் பச்சைக் காயைப் பறித்து உடையுங்கள். காய்ச்சுவரின் உட்புறத்தில் சிறு மரு போன்ற புடைப்பு இருந்தால் புழு நுழைந்த இடம் அதுதான். சின்னப் புழு வெள்ளையாகவே இருக்கும், தலை மட்டும் கருத்திருக்கும். இளஞ்சிவப்பு நிறம் பிறகுதான் வரும். நிறம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 20-ல் 2 காயில் உயிர்ப்புழு இருந்தால் மருந்து அடியுங்கள்.

தயோடிகார்ப் 75 டபிள்யூ.பி. என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்றால் 4 கிராம். அடுத்த சுற்றுக்கு மருந்தை மாற்றுங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். பைரித்ராய்டு வகையைத் தொடக்கத்திலேயே அடித்தால் வெள்ளை ஈ கிளம்பும், அதைக் கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள். புழு காய்க்குள் போய் துளை மூடியபின் எந்த மருந்தும் அதைத் தொடாது. முட்டை பொரித்து, புழு காய்மேல் ஊரும் குறுகிய நேரம்தான் நமக்கு இருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் போடாமல் டேங்கைத் தூக்காதீர்கள்.

எங்கள் அனுபவ முடிவு இதுதான்: மருந்தைவிடப் பயிரை நேரத்தில் முடிப்பது பெரிய வேலை செய்கிறது. குறுகிய வயது ரகத்தைக் கேளுங்கள். 150, 160 நாளில் தண்ணீரை நிறுத்துங்கள், மறுதாம்பு (அதே செடியை மீண்டும் தழைக்க விடுவது) விடாதீர்கள். கடைசிப் பறிப்புக்குப்பின் ஆடுகளை விட்டால் மிச்சக் காய்களைத் தின்றுவிடும். மாரை (பறித்து முடித்த பருத்திச் செடியின் தண்டை) இயந்திரத்தில் பொடித்து உழுதுவிடுங்கள். கடைசிப் பருவத்துப் புழு இரண்டு விதைகளை நூலால் ஒட்டிக்கொண்டு அதற்குள் மாதக்கணக்கில் உறங்கும், அடுத்த பயிர் சப்பை வைக்கும் நேரத்தில் பூச்சியாக வெளியே வரும். போன பருவத்து மார் இன்னும் வரப்போரம் அடுக்கிக் கிடந்தால், முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். விதை வாங்க அதன்பிறகு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதை, பூச்சிமருந்துக் கடையினர்