லோடு வண்டிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

லெஸ்டர், இங்கிலாந்து
நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

லோடு வண்டி விஷயத்தை நீ போனில் சொல்லி முடிப்பதற்குள் சின்னவன் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கணக்கை வாயால் சொன்னால் பாதிதான் காதில் விழும். எழுதினால் மாமாவும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நிதானமாகப் படிக்கலாம். மாதத் தவணையை என் சம்பளத்திலிருந்து கட்டிவிடலாம் என்று மாமா ஃபைனான்ஸ்காரரிடம் பேசியிருக்கிறாராமே. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படிக்கச் சொல்.

என் சம்பளம் மணிக்கு 12.82 பவுண்டு. முதியவர்களையும் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் விசாவுக்காகக் கடந்த ஏப்ரலில் அரசு உயர்த்திய குறைந்தபட்சத் தொகை அது. வருஷத்துக்கு 25,000. கோடையில் நான் நிறுவனம் மாறியதால் அந்தப் புது விதி எனக்கும் பொருந்தியது. உடனே 115-ஆல் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்காதே. வருஷத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை, அதற்கு மேல் உள்ளதில் 20 சதவீதம் போய்விடும். நேஷனல் இன்சூரன்ஸ் என்று 8 சதவீதம், அப்புறம் பென்ஷன் பிடித்தம். எல்லாம் போக மாதம் கைக்கு வருவது 1,700 சொச்சம்.

வேலைக்கு வந்த மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். என் பங்கு 420. ஒப்பந்தத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருப்பதால், ஒருத்தி தராவிட்டால் முழு வாடகைக்கும் மற்ற இருவர் பொறுப்பு. நம் ஊர் வீட்டு வரி மாதிரி இங்கே வரும் கவுன்சில் டாக்ஸும் அப்படித்தான். யாரோடு குடியிருக்கிறோம் என்பதே இங்கே ஒரு பணக் கணக்கு. அந்த வரியை ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை 10 தவணையாகக் கட்டலாம், கேட்டால் 12 தவணையாகவும் பிரித்துத் தருவார்கள். மற்ற இருவரும் 12 போதும் என்றார்கள், நான்தான் விடவில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வரி இல்லை என்றால், குளிர் விடாமல் நீளும் அந்த நேரத்தில் அந்தப் பணம் மீட்டருக்கு ஆகும்.

மீட்டர் என்றதும் நம் வீட்டு மீட்டரை நினைக்காதே. எங்கள் வீட்டில் கேஸுக்கும் கரண்டுக்கும் முன்பணம் போடும் மீட்டர். முனைக் கடையில் பணம் கொடுத்து கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து செருக வேண்டும். போட்ட பணம் தீர்ந்தால் வீடு குளிர்ந்துவிடும். அவசரத்துக்குச் சில பவுண்டு கடனாகத் தரும், அடுத்த தடவை போடும்போது அதை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோடையில் கேஸையே தொடாவிட்டாலும் தினப்படி நிலைக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஹீட்டர்தான் வேண்டாமே என்று கோடை முழுக்கப் பணம் போடாமல் இருந்தவர்கள், அக்டோபரில் 20 பவுண்டு போட்டுவிட்டு வீடு சூடாகவில்லையே என்று திகைப்பார்கள். போட்டதில் பெரும்பகுதி பழைய பாக்கிக்குப் போயிருக்கும். அதனால் நாங்கள் வெயில் மாதங்களிலும் வாரம் கொஞ்சம் போட்டு வைக்கிறோம். ஹீட்டரையே போடாமல் மிச்சம் பிடிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. ஈரத்துணி வீட்டுக்குள்தான் காய வேண்டும், சுவரில் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் இருமல். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் முதல் மூன்று நாளுக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் வாரம் 118.75 பவுண்டு, அவ்வளவுதான்.

மற்றவை சில்லறை. பஸ்ஸுக்கு ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், ஆனாலும் மாதத்துக்கு நூறு தாண்டுகிறது. அரிசி, பருப்பை பெல்கிரேவ் ரோட்டில் மூன்று பேருமாக மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் அன்றைக்கு விற்றாக வேண்டிய சாமான்களுக்கு மாலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள், அந்த நேரம் பார்த்துப் போவேன். டிவி பற்றிக் கேட்டாயே, வீட்டில் டிவி இல்லை. நேரலை ஒளிபரப்போ பிபிசி ஐபிளேயரோ பார்த்தால் வருஷத்துக்கு 174.50 பவுண்டு லைசென்ஸ் கட்ட வேண்டும். வாடகையையும் சேர்த்து என் செலவு 850-இலிருந்து 900-க்குள் அடங்கிவிடுகிறது. உனக்கு அனுப்புவது 550.

மிச்சம் முந்நூறு இருக்கிறதே, அதில் தவணை கட்டலாமே என்பதுதான் மாமாவின் கேள்வி. அந்த முந்நூறு எதற்கென்று சொல்ல வேண்டுமானால், இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் விசா நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. வெளிநாட்டவரை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் ஸ்பான்சர் உரிமத்தை அரசு பறித்துவிட்டால் வேலையோடு விசாவும் போய்விடும். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்திருக்கிறார்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்துக்கும் அதுதான் நடந்தது. உள்துறையிலிருந்து கடிதம் வரும். 60 நாளுக்குள் உரிமம் உள்ள வேறு நிறுவனம் தேடிக்கொள், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் புறப்படு என்பதுதான் அதன் சாரம். அந்த நாட்களில் சம்பளம் இல்லை. இந்த நாட்டுக்காரர்களுக்கு வேலை போனால் யுனிவர்சல் கிரெடிட் என்று அரசு உதவி உண்டு. எங்கள் விசாவில் பொது நிதி உதவி எதையும் கேட்கக் கூடாது என்று நிபந்தனையே இருக்கிறது. வாடகையும் மீட்டரும் அதற்காக நிற்குமா? போன வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒதுக்கி வைத்த பணத்தில்தான் ஓட்டினேன். உனக்குக் குறைவில்லாமல் அனுப்பியதும் அதிலிருந்துதான். கெடு முடிவதற்குள் இந்த வேலை கிடைத்தது. அப்போது சொல்லியிருந்தால் நீ தூங்கியிருக்க மாட்டாய், பிள்ளைகள் முகத்திலும் அது தெரிந்திருக்கும்.

ஆக, அந்த முந்நூறு மிச்சப் பணம் இல்லை அக்கா. அதில் முதல் பங்கு அடுத்த 60 நாளுக்கு. கரைந்ததை இப்போது மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பங்கு விசாவுக்கு. நீட்டிப்புக்கு மூன்று வருஷம் வரை என்றால் 304 பவுண்டு, அதற்கு மேல் என்றால் 590. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும் கட்டணம் இப்போது 3,029. ஐந்து வருஷத்தில் விண்ணப்பிக்கலாம் என்றிருந்ததையும் நீட்டப் போவதாக அரசு சொல்லிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சுக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்ற விதியால்தானே அவர்கள் உன்னிடம் வளர்கிறார்கள். அந்த விதிக்கு ஒரு முடிவு வரும்போது கையில் காசில்லை என்று நான் நிற்கக் கூடாது.

இங்கே கடன் வாங்குவது எவ்வளவு சுலபம் தெரியுமா? யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். போனில் ஒரு சட்டை வாங்கினால்கூட, மூன்று தவணையாகக் கொடுக்கிறாயா என்று அதுவே கேட்கும். வட்டி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் சட்டைக்கு ஒன்று, பூட்ஸுக்கு ஒன்று, ஊருக்கு அனுப்பும் சாமானுக்கு ஒன்று என்று நாலைந்து சேர்ந்துவிட்டால் எது எந்தத் தேதியில் போகிறது என்பதே மறந்துவிடும். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கி வந்தவள். சம்பளம் வந்த அன்றே பெரும்பகுதியை அங்கே அனுப்பிவிடுவாள். மாதப் பாதியில் வங்கிக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஓவர் டிராஃப்ட் என்று வங்கியே தரும் கடன் அது, வருஷ வட்டி கிட்டத்தட்ட 40 சதவீதம். அதை அடைக்க வேலையிடத்தில் தெரிந்த ஒருவரிடம் கைமாற்று வாங்கினாள். அந்த ஆள் ஈடாக அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் வசூலிக்க ஆரம்பித்தான்.

விஷயம் எனக்குத் தெரிந்ததும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கு அவளோடு போனேன். கடன் ஆலோசனைக்கு அங்கே கட்டணம் இல்லை. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் என்ற அமைப்புகளும் இலவசமாகத்தான் செய்கின்றன. ஆலோசனை கேட்பது விசா சொல்லும் பொது நிதியில் சேராது, அவள் பயந்தது அதற்குத்தான். அனுமதி இல்லாமல் வட்டித் தொழில் செய்வது இங்கே குற்றம். கொடுத்தவன் மேல்தான் குற்றம், வாங்கியவள் மேல் இல்லை. அந்தக் கடனைச் சட்டப்படி வசூலிக்கவும் அவனுக்கு உரிமை கிடையாது. நம்மிடமும் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தது, யார் போய்ப் புகார் கொடுக்கிறார்கள், சொல். இங்கே அதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. ரகசியமாகச் சொல்லலாம். சொன்னாள், பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

அந்த ஆலோசகர் ஒரு தாளில் அவளுடைய கடன்களை இரண்டாகப் பிரித்து எழுதினார். அதைப் பார்த்துத்தான் எனக்கே பல விஷயம் விளங்கியது. வாடகை, கவுன்சில் டாக்ஸ், கேஸ், கரண்டு ஒரு பக்கம். இவை நின்றால் வீடு போகும், வெளிச்சம் போகும், கோர்ட்டு வரும். கிரெடிட் கார்டு, ஓவர் டிராஃப்ட், ஆன்லைன் தவணை மறு பக்கம். அதிகமாகப் போன் போட்டு நச்சரிப்பது இந்த இரண்டாவது கூட்டம்தான். நச்சரிப்புக்குப் பயந்து அவர்களுக்கு முதலில் கட்டிவிட்டு வாடகையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்களாம். கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கோ கார்டு பாக்கிக்கோ ஜப்திக்காரர் வந்தால், முதல் தடவை கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர அதிகாரம் இல்லை, திறந்துவிடாமல் உள்ளிருந்தே பேசலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்புறம் 2021-இல் வந்த ஒரு ஏற்பாடு. ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் 60 நாளுக்கு வட்டியும் நெருக்கடியும் நிற்கும், நடப்புப் பில்களை மட்டும் கட்டிவர வேண்டும். 60 நாளில் நாட்டை விட்டுப் போ என்பதும் இதே அரசுதான், 60 நாள் மூச்சு விட்டுக்கொள் என்பதும் இதே அரசுதான். இப்போது அவள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறாள்.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளம் வரும் கணக்கிலிருந்து பில்கள் தானாகப் போகும், டைரக்ட் டெபிட் என்பார்கள். எல்லாத் தேதியையும் போன் செய்து சம்பளத்துக்கு அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் மாற்றி வாங்கிக்கொண்டேன், கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். சாப்பாடு, பஸ் செலவை வெள்ளிக்கிழமை தோறும் மற்றக் கணக்குக்கு மாற்றிவிடுவேன், கார்டு அதற்கு மட்டும்தான். சம்பளம் மாதத்துக்கு ஒன்று, செலவோ வாரத்துக்கு வாரம். ஐந்து வெள்ளி வரும் மாதத்தில்தான் பலருக்கும் இடிக்கும், ஆகையால் மற்ற மாதங்களிலேயே அந்த ஐந்தாவது வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். சேமிப்பு மட்டும் கிரெடிட் யூனியனில். நம் மகளிர் குழு மாதிரிதான், உறுப்பினர் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கடன். மாத வட்டி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம். வேறு வழியே இல்லாமல் கடன் வாங்க நேர்ந்தால் அங்கேதான் வாங்குவேன்.

இனி வண்டி விஷயம். வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியும், சொந்த வண்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் தவணை வண்டி ஓடி வரும் வாடகையிலிருந்து போக வேண்டும். டீசல், இன்சூரன்ஸ், ரிப்பேர், ஓட்டமே இல்லாத மழைக்காலம் எல்லாவற்றையும் கழித்து மாமா ஒரு கணக்குப் போடட்டும். அப்படியும் கட்டுப்படியாகும் என்றால் வாங்கட்டும், மூன்று மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கட்டும். என் சம்பளச் சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். மாமா ஜாமீன் கையெழுத்துப் போடவே வேண்டாம், ஒன்று ஆகிவிட்டால் உன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவரிடம் நானும் பேசுகிறேன். நீ சொன்னதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

550-ஐ மாதம் தவறாமல் 2-ஆம் தேதி அனுப்புவேன். ரூபாய் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பள்ளிக் கட்டணத்தை 5-ஆம் தேதிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆபீஸில் கேட்டுப் பார். அப்புறம் என் வளையலும் ஆரமும் வைத்த நகைக்கடன் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பு. எந்தத் தேதி முடிகிறது, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பதை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம், முதலில் ஆரத்தை மீட்போம்.

அன்புடன்,
உன் தங்கை