பக்கவாத நோயாளிகளுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
குயிலிமலை, பைனாவு, இடுக்கி மாவட்டம்.

பொருள்: பக்கவாத அறிகுறிகளைத் தோட்டங்கள்தோறும் தமிழில் தெரிவிக்கவும், நோயாளியை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு செல்லவும் ஏற்பாடு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மூணாறு, வட்டவடை, மறையூர் பகுதிகளில் வாழும் நாங்கள், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்துள்ள உரிமையின்படி இம்மனுவைத் தமிழிலேயே சமர்ப்பிக்கிறோம்.

ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நள்ளிரவானாலும் ஜீப் ஓட்டுநரை எழுப்பிவிடுகிறோம். ஆனால் ஒருவருக்கு வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டால், எண்ணெய் தேய்ப்பதும், புறா இரத்தம் பூசுவதும், சோடா புகட்டுவதும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைப்பதுமே முதலில் நடக்கின்றன. இது அக்கறை இல்லாததால் நேர்வதன்று. பக்கவாதம் பெரும்பாலும் வலியில்லாமல் வருகிறது. வலி இல்லாத இடத்தில் அவசரம் இருப்பதாக எங்கள் மக்களுக்குத் தோன்றுவதில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை இரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருந்தாலோ அதே மருந்து உயிருக்கு ஆபத்தாகும். இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதை, தலையை ஸ்கேன் செய்யாமல் எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய குழாயில் உள்ள அடைப்பை வடிகுழாய் செலுத்தி அகற்றும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படுகிறது என்றாலும், அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ உலகின் கணக்கு. வட்டவடையிலிருந்து மூணாறுக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து அடிமாலிக்கு மேலும் 30 கிலோமீட்டர் அளவு இறங்க வேண்டும். இதில் ஸ்கேன் இல்லாத ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும், அந்த நாலரை மணி நேரத்தில் மிஞ்சுவது சொற்பமே.

சென்ற மழைக்காலத்தில், எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவர் மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சுக் குழறி நின்றார். முதலில் சேர்த்த மருத்துவமனையில் அந்நேரம் ஸ்கேன் எடுக்க ஆளில்லை; அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது. அவருடைய வலது கை இன்னும் எழவில்லை. கொழுந்து பறிக்க முடியாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாத குடும்பத்துக்கு லயத்து வீடும் நிலையில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, காலையில் ஆள் கூடும் மஸ்டர் இடங்களிலும், தோட்ட டிஸ்பென்சரி, ரேஷன் கடை, அங்கன்வாடி ஆகியவற்றிலும் அறிகுறிகளை விளக்கும் தமிழ்ப் பலகைகளை வைக்க வேண்டுகிறோம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுப்பது, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்வது, பேச்சுக் குழறுவது, திடீரெனப் பார்வை மங்குவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே 108ஐ அழைக்க வேண்டும் என்பதும், சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அது அடுத்து வரக்கூடிய பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதும் அவற்றில் இடம்பெற வேண்டும். விழுங்கும்போது புரையேறக்கூடும் என்பதால் நோயாளிக்குத் தண்ணீரோ உணவோ தரக்கூடாது. இரத்தக் கசிவாக இருக்கக்கூடும் என்பதால் ஆஸ்பிரின் மாத்திரையும் தரக்கூடாது. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஷா பணியாளர்களோடு ஜீப் ஓட்டுநர்களுக்கும் இப்பயிற்சி அவசியம். எங்கள் பகுதியில் நோயாளியை முதலில் ஏற்றிச் செல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

பலகைகளைவிடவும் முக்கியமாக நாங்கள் கருதுவது ஒன்றுண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் ஸ்கேன் எடுத்து, கட்டி கரைக்கும் ஊசியும் போடக்கூடிய மருத்துவமனைகள் எவை, எந்தத் தோட்டத்திலிருந்து எதற்கு நேராகச் செல்ல வேண்டும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். மாநில அரசு மாவட்ட மருத்துவமனைகளில் நடத்திவரும் 'சிரஸ்' பக்கவாதச் சிகிச்சைத் திட்டத்தோடு இதை இணைக்கலாம். எல்லையோரத் தோட்டங்களுக்குப் போடிமெட்டு வழியாகத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விரைவில் எட்டுமானால், தேனி மாவட்ட நிர்வாகத்தோடு பேசி, ஆம்புலன்ஸ் எல்லையில் தடைபடாமல் செல்லவும், நோயாளி வரும் செய்தி முன்கூட்டியே அங்கு சேரவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

'கனிவு 108' ஆம்புலன்ஸ் சேவைக்கான அழைப்பில் தமிழில் பேசி விவரம் கேட்பவர் எந்நேரமும் இருக்க வேண்டும். கைபேசிச் சிக்னல் இல்லாத தோட்டங்களுக்கு மாற்றுத் தொடர்பு வசதியும் தேவை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மீது மண் சரிந்த செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

மருத்துவமனைப் பட்டியலைத் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் வெளியிடுமாறும், ஏனைய கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்குத் தமிழில் எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேவிகுளம் தாலுகா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்

நகல்: மாவட்ட மருத்துவ அலுவலர், இடுக்கி.